வாஃபிள் மேக்கர்: எதை வாங்குவது, எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது

வாஃபிள் மேக்கர் வேண்டும் என்று கடையில் கேட்டால், பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது தட்டு மாற்றிப் போடும் த்ரீ-இன்-ஒன் மெஷினைத்தான். "சாண்ட்விச், கிரில், வாஃபிள் மூணும் இதுலயே ஆகும் சார்" என்பார்கள். பொய்யில்லை, மூன்றும் ஆகும். ஆனால் மூன்றில் வாஃபிள்தான் கொஞ்சம் சுமாராக வரும். ஏன் என்பது பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் வாட் எண்ணிலேயே தெரிந்துவிடும். நாமோ நிறம், வடிவம், தள்ளுபடி எல்லாம் பார்த்த பிறகுதான் அதைப் பார்க்கிறோம், பார்த்தால்.

வாஃபிள் மாவில் ஏறக்குறைய பாதி தண்ணீர். தட்டு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருந்தால், ஊற்றியதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி வேகமாக வெளியேறும். மேல்பக்கம் உலர்ந்து சிவந்து மொறுமொறுப்பாகும், உள்ளே மெத்தென்று நிற்கும். தட்டில் சூடு போதாவிட்டால் மாவு வேகும், சிவக்காது. சிவக்கட்டும் என்று மூடியே வைத்திருந்தால் உள்ளிருக்கும் ஈரமும் போய் வறண்டுவிடும். அதிலும் முதல் வாஃபிளை விட இரண்டாவது, மூன்றாவது சோகையாக வருகிறது என்றால், குளிர்ந்த மாவை ஊற்றியதும் இறங்கிய சூட்டை மெஷினால் மீட்டுக்கொள்ள முடியவில்லை என்று அர்த்தம்.

எனவே வாட் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த வாட் எவ்வளவு பெரிய தட்டைச் சூடாக்க வேண்டியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நான் போடும் கணக்கு சுலபமானது: வாட்டை, ஒரு தட்டின் பரப்பால் வகுத்துவிடுவேன். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டு என்றால் பரப்பு சுமார் 254 சதுர சென்டிமீட்டர். 1000 வாட் மெஷினில் இது சதுர சென்டிமீட்டருக்கு கிட்டத்தட்ட 4 வாட். த்ரீ-இன்-ஒன்னில் தட்டு நீளவாக்கில் 22-க்கு 13 என்று வைத்துக்கொண்டால் 286 சதுர சென்டிமீட்டர். மெஷின் 750 வாட் என்றால் 2.6 தான் வரும். இனி, பொம்மை மாதிரி இருக்கிறதே என்று நாம் ஒதுக்கும் மினி மெஷினைப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் வட்டம், 350 வாட், கணக்குப் போட்டால் 4.5! வாட் குறைவாக இருந்தாலும் தட்டும் சின்னது என்பதால் சூடு குறைவதில்லை. 4-க்குப் பக்கத்தில் வந்தால் நம்பி வாங்கலாம், 3-க்குக் கீழே போனால் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் என்பது என் கணிப்பு.

அடுத்தது ஆழம். பெட்டியில் 'பெல்ஜியன்' என்று போட்டிருந்தால், தட்டில் குழிகள் ஆழமாகவும் பெரிதாகவும் இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. பெல்ஜியத்தில் வாஃபிள் ஒரே வகை கிடையாது. பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் செவ்வகமாக, லேசாக, காற்றோட்டமாக இருக்கும். லியேஜ் வாஃபிள் பன் மாவு போலக் கெட்டியான ஈஸ்ட் மாவில் முத்துச் சர்க்கரை என்ற சின்னச் சின்னச் சர்க்கரை உருண்டைகளைப் பிசைந்து சுடுவது. ஓரங்களில் சர்க்கரை பாகாகிப் பளபளக்கும். 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மோரிஸ் வெர்மெர்ஷ் குடும்பத்தார் க்ரீமும் ஸ்ட்ராபெரியும் வைத்து விற்ற பிரஸ்ஸல்ஸ் வகை வாஃபிள் பெரிதாகப் பேர் வாங்கியது. அவர்கள் வைத்த பெயர் 'பெல்-ஜெம்'. 'பெல்ஜியன் வாஃபிள்' என்ற பேச்சு அமெரிக்காவில் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே வீடுகளில் அதற்கு முன்பிருந்தே சுட்டுவந்தது மெல்லிய, சின்னக் குழி வாஃபிள். நார்வேக்காரர்களுடையது இன்னும் மெலிது, ஐந்து இதயங்கள் சேர்ந்த பூ மாதிரி இருக்கும். அதை மொறுமொறுப்பாகக்கூட அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. மெத்தென்று மடித்து, புளிப்புக் க்ரீமும் ஜாமும் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

ஆழமான தட்டு பார்க்க அழகு, சாக்லேட்டும் ஐஸ்க்ரீமும் தேங்கி நிற்க இடம் இருக்கும். ஆனால் அதற்கு மாவு அதிகம் பிடிக்கும், நேரம் பிடிக்கும், மாவு நன்றாகப் பொங்கி வர வேண்டும். முட்டை சேர்க்காத வீட்டில் அந்தப் பொங்கல் அவ்வளவு சுலபத்தில் வராது. நடுவில் களி மாதிரி நின்றுவிடும். எனவே சைவ வீடுகளுக்கும், இட்லி மாவு, அடை மாவையெல்லாம் ஊற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் மெல்லிய தட்டே என் சிபாரிசு. வாரம் ஒரு தடவை ஐஸ்க்ரீம் போட்டு விருந்து மாதிரி சாப்பிடுபவர்கள் ஆழத்துக்குப் போகலாம்.

இப்போது மெஷின்களுக்கு வருவோம்.

த்ரீ-இன்-ஒன்னைக் கொஞ்சம் குறைத்துப் பேசிவிட்டேன், அதன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கழற்றும் தட்டு என்றால் ஹீட்டர் கம்பி தட்டோடு சேர்ந்திருக்காது, கீழே தனியாக இருக்கும். இடையில் உள்ள காற்று வெளியில் சூடு கொஞ்சம் வீணாகும். விலை கூடிய சில மாடல்களில் ஹீட்டரைத் தட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள், ஆனால் சாதாரண மூவாயிரம் ரூபாய் மெஷினில் அதை எதிர்பார்க்க முடியாது. அப்படியும் கழற்றும் தட்டைப் போல் வசதி வேறு இல்லை. நேற்று வெங்காயம் போட்ட அடை மாவை ஊற்றிய மெஷினில் இன்று வெனிலா வாஃபிள் சுட்டால், குழந்தைகள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கழற்றாத தட்டை ஈரத் துணியால் எவ்வளவு துடைத்தாலும் அந்த வாசம் மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றும் தட்டைத் தொட்டியில் போட்டுச் சோப்பு போட்டுக் கழுவிவிடலாம். காரமும் இனிப்பும் ஒரே மெஷினில் நடக்கப்போகிறது, சாண்ட்விச்சும் அடிக்கடி போடுவீர்கள் என்றால் த்ரீ-இன்-ஒன் தவறான தேர்வு இல்லை. 800 வாட்டுக்குக் குறையாமல் பாருங்கள். பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஐந்து நிமிடம் சூடாக விட்டு ஊற்றுங்கள், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

வாஃபிளுக்கென்றே செய்த, தட்டு கழற்ற முடியாத வட்ட மெஷின் 900, 1000 வாட்டில் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இதுதான் பொருத்தம். சூடு வேகமாக ஏறும், அடுத்தடுத்த வாஃபிளிலும் சூடு இறங்காது. நாலாகப் பிய்த்துக் கொடுக்க வசதியாகக் கோடும் இருக்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாகப் பாருங்கள், நூறு இருநூறு கூடுதலானாலும் பரவாயில்லை. சர்க்கரை சேர்ந்த மாவுக்கு ஒரு சூடு, தோசை மாவுக்கு ஒரு சூடு வேண்டும். ஒரே சூட்டில் நிற்கும் மெஷின் இரண்டில் ஒன்றைக் கெடுக்கும். குறை என்றால் இது அலமாரியில் இடத்தை அடைத்துக்கொள்ளும், வேறு எதற்கும் ஆகாது. வாங்கி மூன்று மாதத்தில் பரணுக்குப் போகும் சாமான்களில் இதுவும் சேருமா என்பதை உங்கள் வீட்டு வழக்கத்தை வைத்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கைப்பிடியைத் திருப்பிக் கவிழ்க்கும் சுழலும் மெஷினை ஹோட்டல் காலைச் சாப்பாட்டு மேசைகளில் பார்த்திருப்பீர்கள். ஆழமான தட்டில் ஊற்றிய மாவு கீழேயே தங்காமல் மேல் தட்டிலும் படியட்டும் என்பதற்காகத்தான் கவிழ்ப்பது. மெல்லிய வாஃபிளுக்கு இது தேவையே இல்லை. மூடியதும் மேல்தட்டு தானாக மாவைத் தொட்டுவிடும். ஆழமான தட்டிலும் மாவு போதிய அளவு ஊற்றி, அது பொங்கவும் செய்தால் கவிழ்க்காமலே வரும். சுழலும் மெஷின் கேட்கும் கூடுதல் பணத்தை நல்ல வெண்ணெய்க்குச் செலவிடலாம் என்பேன்.

மினி மெஷின் இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. ஒரு தடவைக்கு உள்ளங்கை அளவு ஒன்றே ஒன்று, மூன்று நான்கு நிமிடம். தனியாக இருப்பவர், விடுதியில் அல்லது வாடகை அறையில் இருப்பவர், வயதான இருவர் மட்டும் உள்ள வீடு ஆகியோருக்கு இது தாராளம். நான்கு பேருக்கு என்றால் ஆளுக்கு இரண்டு வீதம் எட்டு. அரை மணி நேரம் ஒருவர் மெஷின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். மினியை வாங்கும்போது பிளக் மூன்று முனை உள்ளதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். உலோகத் தட்டில் ஈர மாவு ஊற்றும் சாமானுக்கு எர்த் இல்லாமல் இருக்கக் கூடாது.

அடுப்பில் வைக்கும் இரும்பு அச்சுதான் இதற்கெல்லாம் மூத்தது. ஐரோப்பாவில் நீளக் கைப்பிடி வைத்த இரட்டைத் தட்டு அச்சுகள் இடைக்காலத்திலேயே இருந்தன. அமெரிக்காவில் அடுப்பில் வைத்துச் சுடும் வாஃபிள் அச்சுக்குக் கார்னிலியஸ் ஸ்வார்ட்அவுட் 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்றார். அங்கே வாஃபிள் தினம் என்று அந்த நாளைக் கொண்டாடுவது அதனால்தான். வார்ப்பிரும்பிலும், எடை குறைந்த வார்ப்பு அலுமினியத்திலும் இன்றும் கிடைக்கிறது. கரண்ட் வேண்டாம், கெட்டுப்போக எதுவும் இல்லை, பேரப்பிள்ளை வரை வரும். தோசைக்கல்லைப் பழக்கிய கைக்கு இரும்பு அச்சைப் பழக்குவது புதிதல்ல: எண்ணெய் தடவிக் காயவைத்து, திரும்பத் தடவிக் காயவைத்து, அப்புறம் சோப்பு காட்டாமல் வைத்துக்கொள்வது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் காய்ச்ச வேண்டும், மாவை ஊற்றி மூடியதும் உடனே கவிழ்க்க வேண்டும், தீ ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் எரியும் பர்னரில் ஒரு பக்கம் கருகும். சூட்டைச் சொல்லும் விளக்கும் இல்லை; ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். சமையலில் கை ஓடுபவர்களுக்கு இதில் வரும் வாஃபிளைப் போல் எந்த மெஷினும் தராது. பிள்ளைகள் தாங்களே சுட்டுக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் வாங்குபவர்களுக்கு இது சரிவராது. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அலுமினிய அச்சை வாங்கவே வேண்டாம், சூடேறாது.

சிலிக்கான் அச்சில் ஊற்றி ஏர் ஃப்ரையரில் வைக்கும் முறை ஒன்று விற்கிறார்கள். சிலிக்கான் சூட்டை வேகமாகக் கடத்தாது. கட்டம் போட்ட கேக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் மெஷின். பிராண்ட் நல்லதாக இருக்கும், தட்டு கனமாக இருக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் பிளக் மாற்றிச் சொருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் மின்சாரத்தை இழுத்து நொடியில் கருகிவிடும். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான். 1000 வாட் மெஷினுக்கு 1500 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது மெஷினை விடக் கனம், விலையும் கிட்டத்தட்ட மெஷின் விலை. லண்டன், சிங்கப்பூர், துபாயிலிருந்து வருவதற்கு இந்தச் சிக்கல் இல்லை, வோல்ட் நம்முடையதைப் போலத்தான். பிளக் மாற்றினால் போதும். அடுத்த தடவை "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று டல்லஸிலிருந்து சித்தி போன் செய்தால் மெஷின் வேண்டாம், மேப்பிள் சிரப் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டு ஸ்விட்ச்போர்டும் ஒரு பார்வை பார்க்க வேண்டிய விஷயம். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் கணக்குப்படி 1380 வாட் வரை தாங்கும். 1000 வாட் மெஷினை அதில் சொருகலாம், கூடவே அதே எக்ஸ்டென்ஷனில் மிக்ஸியையும் கெட்டிலையும் போடாமல் இருந்தால். 1400 வாட்டும் அதற்கு மேலும் என்றால் கீசர் போடும் 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1000 வாட் மெஷின் அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால்கூட அரை யூனிட்தான்.

சரி, மெஷின் வந்துவிட்டது. மாவுக்கு வருவோம்.

முட்டை சேர்ப்பவர்களுக்கு: 150 கிராம் மைதா, 50 கிராம் கார்ன்ஃப்ளார், இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. இன்னொரு பாத்திரத்தில் இரண்டு முட்டை, 300 மில்லி பால், உருக்கி ஆறிய வெண்ணெய் 80 கிராம். இரண்டையும் கலந்து, கட்டி கொஞ்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மிக்ஸியில் போட்டு அடித்தால் மைதா இழுவை கொடுத்து வாஃபிள் ரப்பராகும். கார்ன்ஃப்ளார் இல்லாவிட்டால் பச்சரிசி மாவு போடலாம், மொறுமொறுப்புக்கு அரிசி மாவைச் சேர்ப்பது நமக்குத் தெரியாததா. வெண்ணெயின் அளவைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அதைப் பாதியாகக் குறைத்தால் வாஃபிள் தட்டில் ஒட்டும், அப்புறம் தட்டைக் குறை சொல்வோம்.

முட்டை வேண்டாம் என்றால் பாலுக்குப் பதில் கெட்டி மோர் 350 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், வெண்ணெய்க்குப் பதில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் நுரைக்க ஆரம்பிக்கும், எனவே மெஷின் சூடான பிறகுதான் கலக்க வேண்டும். கலந்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் நுரை அடங்கிவிடும்.

சர்க்கரையை மாவில் குறைத்துப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. சர்க்கரை கூடினால் உள்ளே வேகும் முன்பே மேலே சிவந்துவிடும். சிவந்துவிட்டதே என்று எடுத்தால் தட்டுக்கு வருவதற்குள் துவண்டுபோகும். இனிப்பை மேலே ஊற்றிக்கொள்ளலாம். தேனும் பழமும் அழகு, வெல்லப் பாகும் நெய்யும் அதைவிட அழகு.

பிரஸ்ஸல்ஸ் வகையில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் முறையும் நம் சமையலறைக்கு நன்றாகவே பொருந்துகிறது. குளிர்நாட்டுக் குறிப்புகளில் இரவு முழுக்க வெளியே வைக்கச் சொல்லியிருப்பார்கள். சென்னை, மதுரை வெயில் காலத்தில் அப்படி வைத்தால் காலையில் மாவு மேடையில் ஓடிக் கிடக்கும், புளிப்பும் ஏறிவிடும். ஒரு மணி நேரம் வெளியே, அப்புறம் பிரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். லியேஜ் வகைக்கு முத்துச் சர்க்கரை கிடைக்காதவர்கள் சர்க்கரைக் கட்டிகளைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துப் போடலாம். ஆனால் பாகு தட்டில் இறுகினால் சுத்தம் செய்வது பெரிய வேலை. அதற்குக் கழற்றும் தட்டு இல்லாதவர்கள் இந்த வகையைக் கடையில் சாப்பிடுவதே நல்லது.

இட்லி மாவு ஊற்றலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். ஊற்றலாம், நன்றாகவே இருக்கும், ஆனால் அதில் கொழுப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. எனவே ஒட்டும், சிவக்கவும் நேரமாகும். இரண்டு கப் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் கலந்து, தட்டிலும் நெய் தடவி, மைதா வாஃபிளுக்கு வைப்பதைப் போல் ஒன்றரை மடங்கு நேரம் வையுங்கள். தண்ணீர் விட்டு தோசைப் பதத்துக்குக் கரைக்காமல் இட்லிப் பதத்திலேயே ஊற்ற வேண்டும். குழிகளில் சட்னி தேங்கி நிற்பது தனிச் சுகம்.

எல்லா வகைக்கும் பொதுவானது ஆவி. மெஷின் ஓரத்திலிருந்து ஆவி குபுகுபுவென வரும்போது திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆவி அடங்கிய பிறகு திறக்க வேண்டும். பச்சை விளக்கு தட்டின் சூட்டைத்தான் சொல்கிறது, வாஃபிள் வெந்ததை அல்ல. எடுத்ததைத் தட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் வியர்த்து ஊறிவிடும். கம்பி வலைத்தட்டில் வையுங்கள். கேக் ஆறவைக்கும் வலை இல்லாவிட்டால் பாத்திரம் வடிய வைக்கும் கம்பிக் கூடையும் ஆகும்.

நான்-ஸ்டிக் தட்டுக்கு எண்ணெய் வேண்டாம் என்று நம்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் ஷூவுக்குப் பிடிமானமுள்ள அடிப்பாகம் செய்ய, மனைவியின் வாஃபிள் அச்சில் ரப்பர் மாதிரி இறுகும் யூரித்தேனை ஊற்றினார். ஒட்டாமல் இருக்க எதுவும் தடவாததால் அச்சு மூடியபடியே இறுகிப்போனது. அந்த அம்மாளின் அச்சு போனாலும், நைக்கி கம்பெனிக்கு 'வாஃபிள்' ஷூ கிடைத்தது. நமக்கு அந்த அதிர்ஷ்டமெல்லாம் இல்லை, எனவே முதல் வாஃபிளுக்கு முன் பிரஷ்ஷால் லேசாகத் தடவிவிடுங்கள். டப்பாவில் வரும் ஸ்ப்ரே எண்ணெய் வேண்டாம். அதில் சேர்க்கும் லெசித்தின் சூட்டில் பழுப்புப் பிசினாகப் படிந்து, போகப் போக அதுவே ஒட்டலுக்குக் காரணமாகும். முள்கரண்டியால் குத்தி எடுப்பதும் கூடாது. மரக்குச்சியோ மூங்கில் இடுக்கியோ போதும்.

மினி மெஷினுக்கு ஒரு வழி சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஓய்வான ஒரு மாலையில் பதினைந்து இருபது வாஃபிளைச் சுட்டு, நன்றாக ஆறவிட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். காலையில் பனி விட வேண்டிய அவசியம்கூட இல்லை. அப்படியே டோஸ்டரில் இறக்கினால் மூன்று நிமிடத்தில், சில சமயம் சுட்ட அன்றைக்கு இருந்ததை விட மொறுமொறுப்பாக வரும். பெரிய வட்ட வாஃபிள் டோஸ்டர் வாய்க்குள் நுழையாது, நாலாகப் பிய்க்க வேண்டும். மினி வாஃபிள் அளவெடுத்தது மாதிரி உட்காரும். எனவே வீட்டில் ஏற்கெனவே டோஸ்டர் இருந்து, ஃப்ரீசரில் ஒரு தட்டு இடமும் இருந்தால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கும் மினியே போதும். மிச்சமாகும் பணத்தில் எட்டு பத்து மாதத்துக்கு வெண்ணெய் வாங்கிக்கொள்ளலாம்.